பெயர் எந்த ஏட்டில் இருக்கு? எளாவூர்ப் பக்கத்துக் குறிப்புகள்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி சூளூர்பேட்டை ரயிலில் போனால் அடுத்த நிறுத்தம் எளாவூர். அதற்கப்புறம் ஆரம்பாக்கம், அப்புறம் தடா, அதாவது ஆந்திரா. சென்னைக்காரர்களுக்கு எளாவூர் என்றால் நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வரும். ரயிலை விட்டு இறங்கி நடந்தால் தெரிகிற ஊர் வேறு. மேற்கே சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி வண்டிகள். கிழக்கே போகப் போக நிலம் தாழ்ந்து, உப்பு ஏறி, பழவேற்காடு ஏரியில் முடியும். நடுவில் நெல் வயல்களும் பழைய பாசன ஏரிகளும்.

அந்த ஏரிக்கரை ஒன்றில்தான் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது தாண்டியிருக்கும். வீட்டுக்காரர் கம்பெனியில் காவல் வேலை. முந்தின மழையில் பயிர் மூழ்கியிருந்தது. நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"எப்படித் தம்பி எழுதுறது? நடவு நட்டது நான், களை எடுத்தது நான். மூழ்குனப்ப இடுப்பளவு தண்ணியில நின்னதும் நான். பட்டா மாமனார் பேர்ல இருக்கு. அவரு செத்து ஒம்போது வருசமாச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பருவநிலை மாற்றத் தகவமைப்பு, அதில் பாலினச் சமத்துவம் என்று பெரிய பெரிய அறிக்கைகளில் படிக்கிற விஷயம் முழுக்க அந்த நாலு வாக்கியத்தில் இருந்தது. வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்குகிற வேலையில் பெண்களின் கை எப்போதும் இருந்திருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரியின் பெயர் எந்த ஏட்டில் ஏறியது, எதில் ஏறவில்லை என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை அந்த ஏடுகளைப் பற்றியது.

தாது வருஷத்துக் கூலி ஏடு

முதல் ஏடு 1877ஆம் ஆண்டுடையது. 1876இல் பருவமழை பொய்த்தது. பசிபிக் கடலில் உருவான வலுவான எல் நினோவுக்கு அதில் பங்கு உண்டு என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். தாது வருஷப் பஞ்சம் என்று தமிழில் சொல்வது இதைத்தான். சென்னை மாகாணத்தை 1878 வரைக்கும் ஆட்டிவைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது குறைந்தபட்ச மதிப்பீடு.

அரசின் பதில், நிவாரண வேலை. மண் வெட்டு, கல் உடை, கூலி வாங்கிக்கோ. சென்னையில் இன்றைக்கு நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு துண்டு, நகரத்துக்குள் அடையாறு வரை இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர், 1877–78இல் இப்படி வெட்டியதுதான். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய் முழுவதற்கும் வந்தது. எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி வழியாக ஆந்திராவுக்குப் போகிற வடக்குப் பகுதி அதற்கு முன்பே இருந்தது. 1806இல் தனியார் முயற்சியாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

கூலிக்கு வருவோம். பஞ்ச வேலையை மேற்பார்வையிட வைஸ்ராய் லிட்டன் அனுப்பியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1874இல் பீகார் பஞ்சத்தில் இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. அதற்காகவே ஊதாரி என்று திட்டும் வாங்கினார். சென்னைக்கு வரும்போது மனுஷன் மாறிவிட்டார். இங்கே அவர் வைத்த கூலி ஒரு நாளைக்கு ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஒரு அணா. பெண்ணுக்கும் வேலை செய்கிற பிள்ளைக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மண் வேலை செய்கிற உடம்புக்குக் குறைந்தது 680 கிராம் தானியமும், பருப்பு, காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி இறங்கிவந்தது: 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. கிராம் கணக்கில் நடந்த இந்தச் சண்டை வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பிடித்துவிட்டது. "பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவு" என்ற வரி சண்டைக்கே வரவில்லை. அது எல்லோருக்கும் இயல்பாகப் பட்டது.

இன்னொரு விதி தூரச் சோதனை. வீட்டிலிருந்து 10 மைலுக்குள் இருக்கிற வேலைத்தளத்தில் திடகாத்திரமானவர்களுக்கு வேலை கிடையாது. நிஜமாகவே பசியில் இருப்பவன் தூரமானாலும் வருவான் என்று கணக்கு. கைக்குழந்தையும் படுத்த படுக்கையாய் ஒரு கிழவியும் வீட்டில் இருந்தால் 10 மைல் என்பது யாருக்கு எவ்வளவு தூரம்? அந்தக் கணக்கு விதி எழுதியவர்களின் மேசைக்கு வரவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். இந்தப் பஞ்சத்தில் பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம் செத்தார்கள். இந்தியப் பஞ்சங்கள் பலவற்றில் மக்கள்தொகை ஆய்வாளர்கள் கண்டது இதுதான். உடற்கூறு ஒரு காரணம், வேலை தேடி அலைந்த இடத்தில் தொற்றிய நோய்கள் இன்னொன்று. ஆகவே "எந்தப் பேரிடரிலும் பெண்தான் அதிகம் சாவாள்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது வரலாறு ஆகாது. எந்தப் பேரிடர், எந்த வேலை, எந்த விதி என்று தனித்தனியாக எண்ணிப் பார்க்கணும். ஆண் பெண் பிரித்து எண்ணினால்தான் எதுவும் தெரியும்.

10 மைலிலிருந்து 5 கிலோமீட்டருக்கு

1880 பஞ்ச ஆணையம், 1883 பஞ்ச விதித் தொகுப்பு என்று அந்த அனுபவம் சட்டமாக இறுகியது. சுதந்திரத்துக்குப் பிறகும் வறட்சி வந்தால் அதே பாணி வேலைதான். 1972–73 மகாராஷ்டிர வறட்சியில் லட்சக்கணக்கானவர்கள் மண் வேலைக்கு வந்தார்கள், பெண்கள் திரளாக வந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1977இல் அந்த மாநிலம் வேலை உறுதிச் சட்டம் போட்டது. நடுவில் 1976இல் சம ஊதியச் சட்டம். 2005இல் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், நம் ஊர் வழக்கில் நூறு நாள் வேலை.

இரண்டு விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1877: வீட்டிலிருந்து 10 மைலுக்குள் வேலை கிடையாது. 2005: வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வேலை, அதைத் தாண்டினால் 10 சதவீதம் கூடுதல் கூலி. 1877: பெண்ணுக்குக் குறைவு. 2005: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

தமிழ்நாட்டில் மூன்றில் ஒன்று எல்லாம் இல்லை. வேலை நாட்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்களுடையது. ஏரிக்கரை, வரத்துக்கால்வாய், குளம் தூர்வாருதல், மரக்கன்று என்று அவர்கள் செய்ததைப் பட்டியல் போட்டால், இன்றைக்குத் தகவமைப்புத் திட்டம் என்று தனி நிதி கேட்டு எழுதுகிற அதே வேலைகள்தான். எளாவூர் அம்மாவின் பெயர் ஒரு அரசு ஏட்டில் உண்டென்றால் அது வேலை அட்டையில்தான். "ஏரியைத் தூர் வாரினது நாங்கதான் தம்பி" என்று அவர் சொன்னபோது குரலில் இருந்த தோரணை பட்டாவைப் பற்றிப் பேசும்போது இல்லை.

ஆனால் எந்த ஏரி, எந்த வாய்க்கால், எங்கே மதகு என்று முடிவு செய்கிற மேசை வேறு. கிராம சபையில் உட்கார்ந்து கேட்க உரிமை இருக்கிறது. கம்பெனி ஷிப்டுக்கும் சமையலுக்கும் நடுவில் நேரம் இருக்கணும்.

ஏரியில் தலைக்கட்டு

எளாவூரிலிருந்து கிழக்கே போவோம். பழவேற்காடு ஏரி சுமார் 450 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி ஆந்திராவில். ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் வருகிறது. இரண்டும் கலக்கிற அளவில்தான் இறாலின் வாழ்வு. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டால் ஏரி மெல்ல நோய்ப்படும்.

இந்த ஏரியில் யார் எங்கே வலை போடலாம் என்பதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. பாடு என்பார்கள். பட்டினவர் குப்பங்களில் குலுக்கல் போட்டு முறைவைத்து இடம் பிரித்துக்கொள்வது. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது, ஏரியும் சூறையாடப்படாது. உள்ளூர் மக்களே உருவாக்கிய வள மேலாண்மை என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாடு தலைக்கட்டுக்கு உரியது, தலைக்கட்டு என்றால் ஆண். மீனை விற்று, காயவைத்து, கடன் வாங்கிக் குடும்பத்தை ஓட்டுகிற பெண் குலுக்கலில் இல்லை.

இருளர் பெண்கள் அதற்கும் வெளியே. அவர்களுக்கு வலையும் படகும் இல்லை. ஆழமில்லாத இடத்தில் இறங்கி, சேற்றைத் தடவி, கையாலேயே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி, அதைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேணுமே. நீரின் உப்பும் சூடும் சேறும் மாறினால் முதலில் தெரிவது அவர்கள் விரல்களுக்குத்தான்.

முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலைப்படுத்த வேண்டும் என்பது மீனவர்களின் பல வருஷக் கோரிக்கை, நியாயமானது. ஆனால் ஏரியைப் பற்றிய கலந்தாய்வுக்குப் படகுக்காரர்களை மட்டும் கூப்பிட்டால் படகு போகிற ஆழம்தான் பேசப்படும். கை இறால் கிடைக்கிற ஆழமில்லாத சேறு யார் பேச்சிலும் வராது. நிவாரணத்திலும் அப்படியே. மீன் குறைந்த மாதங்களுக்கு மீனவ மகளிருக்கென்றே சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, நல்ல திட்டம். அதன் பெயரிலேயே 'கடல்' இருக்கிறது. ஏரிச் சேற்றில் நிற்பவளுக்கு எந்த ஏடு?

அலை வந்த பிறகு

2004 டிசம்பர் 26. அந்தச் சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 1,883 ஆண்களும் 2,406 பெண்களும் இறந்ததாக அரசுக் கணக்கை வைத்து ஆக்ஸ்ஃபாம் 2005 மார்ச்சில் எழுதியது. கடலூரில் 146 ஆண்கள், 391 பெண்கள். தாது வருஷத்துக்கு நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழ்கடலில் இருந்தவர்களின் படகுக்குக் கீழே அலை தெரியாமல் கடந்து போனது. கரையில் மீனுக்குக் காத்திருந்தவர்களும் வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். நீச்சலும் மரம் ஏறுதலும் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப்படவில்லை, கட்டியிருந்த சேலையும் காலைச் சுற்றியது.

இதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2005 மார்ச் 30 தேதியிட்ட 172ஆம் எண் அரசாணை, புதிதாகக் கட்டித்தரும் சுனாமி வீடுகளை மனைவி, கணவன் இருவர் பேரிலும் பதிவு செய்யச் சொன்னது. ஒரு வரி விதிதான். ஆனால் கடற்கரைக் குப்பங்களில் வீட்டுப் பத்திரத்தில் பெண் பெயர் ஏறுவது எவ்வளவு அபூர்வம் என்பது தெரிந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவி என்றது. புயல் வெள்ளப் பணமும் அந்த அட்டை வழியாகத்தான் வருகிறது, 2023 மிக்ஜாம் புயலுக்கு 6,000 ரூபாய் வந்தது மாதிரி. ஏட்டில் பெயர் ஏறினால் உதவி வரும் திசை மாறுகிறது என்பதற்கு இவை சாட்சி.

பக்கத்து நாடு ஒன்றையும் பார்க்கணும். வங்கதேசத்தில் 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,40,000 பேர் செத்தார்கள். 20 முதல் 44 வயதுக்குள் ஆயிரம் பெண்களில் 71 பேர், ஆயிரம் ஆண்களில் 15 பேர் என்பது பலரும் மேற்கோள் காட்டும் கணக்கு. எச்சரிக்கை ஆண்கள் கூடுகிற இடத்தில் சொல்லப்பட்டது. வீட்டுக்காரர் வந்து சொல்லாமல் பெண்கள் கிளம்பவில்லை. பாதுகாப்புக் கூடத்தில் அந்நிய ஆண்களோடு நெருக்கியடித்து நிற்கத் தயங்கினார்கள். அந்த நாடு பாடம் படித்தது. இன்று அங்கே புயல் எச்சரிக்கைத் தொண்டர்கள் சுமார் 76,000 பேரில் பாதி பெண்கள். வீட்டுக்குள் போய்ப் பெண்ணிடமே சொல்ல ஒரு பெண் இருக்கிறாள். செலவு அதிகமில்லாத, உயிர் காத்த மாற்றம்.

உலகக் காகிதம்

1992இல் ரியோவில் கையெழுத்தான பருவநிலை மாற்ற ஒப்பந்தத்தில் பெண் என்ற பேச்சே இல்லை. அதன் உடன்பிறப்புகளான பல்லுயிர், பாலைவனமாதல் ஒப்பந்தங்கள் இரண்டிலும் இருக்கிறது. 2001இல் மராகேஷில் முதல் தீர்மானம், 2014இல் லிமா வேலைத்திட்டம், 2017இல் பான் நகரில் பாலினச் செயல்திட்டம், 2024இல் பாகுவில் லிமா திட்டத்துக்கு மேலும் பத்து ஆண்டு நீட்டிப்பு. நம் 2008 தேசியச் செயல்திட்டமும் பாதிப்பு பெண்களுக்குக் கடுமையாக இருக்கும் என்று ஒரு இடத்தில் சொல்கிறது.

நான் இதையெல்லாம் கேலி செய்யவில்லை. காகிதத்தில் வந்தால்தான் நிதியில் வரும். ஆனால் முன்னுரையில் வருகிற 'பெண்கள்' என்ற சொல்லுக்கும் பதிவேட்டில் வருகிற ஒரு பெண்ணின் பெயருக்கும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடந்த இடங்களில் எல்லாம் ஒரு சின்ன, சலிப்பூட்டும் நிர்வாக விதிதான் வேலை செய்திருக்கிறது: இருவர் பேரிலும் பதிவு, 5 கிலோமீட்டர், ஒரே கூலி, தொண்டர்களில் பாதி.

பட்டாவுக்குத் திரும்பி

எளாவூர் அம்மாவின் பட்டா விஷயத்தை எடுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்றினால் சரியாகிவிடுமா? மாமனாரின் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குச் சம பங்கு கொடுத்த மாநிலம், இந்தியா முழுக்க வந்தது 2005இல்தான். ஆகவே பட்டாவில் வீட்டுக்காரர் பெயர் வரும், கல்யாணமாகிப் போன நாத்தனார்கள் பெயர் வரும். நியாயம்தான். இந்த அம்மா பெயர் வராது. சட்டம் சரியாக நடந்தாலும் சேற்றில் நின்றவள் ஏட்டுக்கு வெளியேதான்.

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருப்பது சுமார் 14 சதவீதம். வயலில் வேலை செய்கிறவர்களில் அவர்கள் பங்கு இதைவிட எவ்வளவு பெரியது என்று எந்த நடவு வயலின் வரப்பில் நின்றாலும் தெரியும்.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு முயற்சி நடந்தது, பலருக்கு மறந்துவிட்டது. எம். எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண் விவசாயிகள் உரிமை மசோதா என்று ஒரு தனிநபர் மசோதாவை 2012 மே மாதம் கொண்டுவந்தார். நிலம் யார் பேரில் இருந்தாலும், உழைத்துப் பயிர் செய்கிற பெண்ணுக்குப் பெண் விவசாயி என்று சான்றிதழ் கொடுக்கணும், அதை வைத்து அவள் கடனும் காப்பீடும் நிவாரணமும் கேட்கலாம் என்பது அதன் சாரம். அவர் பதவிக்காலம் 2013இல் முடிந்தது, மசோதாவும் காலாவதியானது. அந்தச் சான்றிதழ் இருந்திருந்தால் எளாவூர் ஏரிக்கரையில் அந்தச் சிரிப்புக்குத் தேவை இருந்திருக்காது.

1877இன் கூலி ஏட்டில் பெண் இருந்தாள், குறைந்த கூலியோடு. பாடு குலுக்கலில் அவள் இல்லை. சுனாமி வீட்டுப் பத்திரத்திலும் ரேஷன் அட்டையிலும் வேலை அட்டையிலும் வந்தாள். பயிர் நிவாரணப் பட்டியலில் இன்னும் வரவில்லை. அடுத்த தகவமைப்புத் திட்டம் எளாவூர்ப் பக்கம் வரும்போது நான் முதலில் புரட்டிப் பார்க்கப் போவது அதன் முன்னுரையை இல்லை, பின்னிணைப்பில் இருக்கிற பயனாளிகள் பட்டியலை.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம், வீட்டுக்காரரையும் நாத்தனார்களையும் உட்கார வைத்துப் பட்டாவை மாற்றுங்கள், அதுவாவது முதலில் நடக்கட்டும் என்றேன். "மாத்தணும் தம்பி. இந்த நடவு முடியட்டும்" என்றார். விதைநெல் ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது.